ஆகாய விமானமும் நாற்பது டாலரும்

வியாபார உபதேசம் செய்கிறவர்களுக்கு மிகவும் பிடித்தமான கதைகள் சில உண்டு. அமெரிக்காவின் மேற்குக் கரையிலே ஒரு சிற்றூரில் கம்ப்யூட்டர் தொழில் நடத்திவந்த ஒருவர், உலகத்தின் மிகப் பெரிய கம்ப்யூட்டர் ஸ்தாபனத்தின் பிரதிநிதிகள் தம் வாசற்படியைத் தேடி வந்த தினத்தில், சொந்த விமானத்தில் ஏறி ஆகாயத்தில் உல்லாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தார் என்றும், வந்தவர்கள் காத்திருந்து அலுத்து, சியாட்டில் பக்கத்து இளைஞர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தார்கள் என்றும், அந்த இளைஞர் பின்னாளில் உலகத்தின் முதற் பெருஞ்செல்வரானார் என்றும் சொல்லும் கதை அவற்றுள் முன்வரிசையில் வைக்கத் தக்கது. பறந்தவர் கேரி கில்டால், இளைஞர் பில் கேட்ஸ், வந்தவர்கள் ஐ.பி.எம். ஸ்தாபனத்தார், காலம் 1980-ம் ஆண்டின் கோடை. நம் ஊர்க் கல்லூரி விழா மேடைகளிலும் இந்தக் கதையை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கேட்டிருக்கிறேன். வீடு தேடி வந்த சீதேவியைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு வெளியே போனவனின் கதி இதுதான் என்று பேச்சாளர் முடிப்பார். மாணவர்கள் கை தட்டுவார்கள்.

இந்தக் கதை ஒரு மனிதருக்கு அநியாயம் செய்கிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய தோஷம், விவகாரம் உண்மையில் எந்த இடத்தில் தீர்மானமாயிற்றோ அந்த இடத்திலிருந்து நம் கண்ணைத் திருப்பி, ஆகாயத்தை அண்ணாந்து பார்க்கும்படி செய்துவிடுகிறது என்பதே. தீர்மானமான இடம் ஒரு கடையின் விலைச்சீட்டும், ஓர் ஒப்பந்தத்தின் ஷரத்தும். அவற்றைப் பற்றி மேடையில் பேசினால் கை தட்டல் விழாது; அதனால்தான் விமானம் வேண்டியிருக்கிறது.

கில்டாலும் கேட்ஸும் ஒரே ஊர்க்காரர்கள் என்பதைக் கதை சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். இருவரும் சியாட்டில் நகரத்துப் பிள்ளைகள். கேட்ஸின் தகப்பனார் பெயர் பெற்ற வக்கீல். கில்டாலின் குடும்பத்தாரோ, கடலில் கப்பலைத் திசையறிந்து செலுத்தும் சாஸ்திரத்தை மாலுமிகளுக்குக் கற்பிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றை நடத்திவந்தவர்கள். வக்கீல் வீட்டில் வளர்ந்தவருக்கு ஷரத்துகளின் ருசியும், மாலுமிப் பள்ளிக்கூடத்து நிழலில் வளர்ந்தவருக்கு மார்க்கம் கண்டுபிடிப்பதன் ருசியும் இயல்பாக அமைந்தன என்று நான் சொன்னால், அது வெறும் சொற்சாதுரியம் என்று வாசகர்கள் கருதலாம். ஆயினும் பின்னால் நடந்தவற்றோடு ஒட்டிப் பார்க்கும்போது அந்த எண்ணத்தை என்னால் முற்றிலும் ஒதுக்க இயலவில்லை.

1942-ல் பிறந்த கில்டால், வியட்நாம் யுத்த காலத்துக் கட்டாய ராணுவ சேவையை, கலிபோர்னியாவில் மான்ட்டெரே நகரத்திலுள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியில் உபாத்தியாயராக இருந்து கழித்தவர்; 1972-ல் வாஷிங்டன் சர்வகலாசாலையில் கம்ப்யூட்டர் சாஸ்திரத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். அக்காலத்தில் இன்டெல் கம்பெனி, ஒரு கம்ப்யூட்டரின் மூளை முழுவதையும் நகக்கண் அளவுள்ள ஒரு சிலிக்கான் சில்லில் அடக்கி மைக்ரோபிராசசர் என்ற பெயரில் விற்கத் தொடங்கியிருந்தது. விற்றவர்களே அதைப் போக்குவரத்து விளக்குக்கும் தராசுக்கும் கணக்கிடும் பொறிக்கும் உரிய உதிரிப் பாகமாக எண்ணிக்கொண்டிருந்த சமயத்தில், அது ஒரு முழுக் கம்ப்யூட்டர் ஆகக்கூடியது என்று உணர்ந்து, அதற்குப் புரோகிராம் எழுத வசதியாகப் பி.எல்.எம். என்ற பாஷையை இன்டெல்லுக்கு ஆக்கிக் கொடுத்தவர் கில்டால். பகலில் கல்லூரி, ஓய்வு நாட்களில் இன்டெல்லுக்கு ஆலோசனை என்று அவர் காலம் போயிற்று.

அந்நாட்களில் இந்தச் சிறு கம்ப்யூட்டர்களுக்குள் ஒரு புரோகிராமை ஏற்றுவது தனித் தவமாகவே இருந்தது. துளையிட்ட காகித நாடாவை டெலிடைப் இயந்திரம் கடகடவென்று இழுத்துப் படித்து முடிப்பதற்குள் ஒருவர் காப்பி சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம்; நடுவில் நாடா கிழிந்தால் இன்னொரு காப்பியும் சாப்பிடலாம். அப்பொழுது புதிதாக வந்திருந்த பிளாப்பி டிஸ்க் என்னும் காந்தத் தட்டைச் சிறு கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டால் இந்தத் துன்பம் தீரும் என்று கண்ட கில்டால், நண்பர் ஜான் டொரோடைக் கொண்டு அதற்கு வேண்டிய மின்சுற்றை அமைத்து, தட்டில் உள்ள கோப்புகளை எழுதவும் படிக்கவும் அழிக்கவும் பெயரிட்டு அடுக்கவும் செய்கிற ஒரு மென்பொருளை 1974-ல் எழுதி முடித்தார். அதன் பெயர் சி.பி.எம். நம் நாட்டு வாசகர்களுக்கு இந்த மூன்றெழுத்துகள் அரிவாளையும் சுத்தியலையும் நினைவூட்டுமாதலால், இது கட்சி அல்ல, கம்ப்யூட்டரின் இயங்குதளம் என்று சொல்லிவிடுவது நல்லது. அதை இன்டெல்லிடமே முதலில் காட்டினார். பி.எல்.எம். பாஷையை ஏற்ற இன்டெல்லுக்கு இதில் சிரத்தை இல்லை. நழுவிய சந்தர்ப்பங்களுக்கு ஜாபிதா எழுதப் புகுந்தால் முதற் பெயர் இன்டெல்லினுடையதாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இன்டெல் பின்னால் கெட்டுப்போகவில்லை. அதனால் அதைப் பற்றி ஒருவரும் கதை சொல்லுவதில்லை.

கில்டாலும் அவர் மனைவி டோரதியும் பசிஃபிக் குரோவ் என்ற கடலோரச் சிற்றூரில் சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார்கள். அதற்கு 'இன்டர்காலக்டிக் டிஜிட்டல் ரிசர்ச்' என்று, அதாவது நக்ஷத்திர மண்டலங்கள் அனைத்துக்கும் பொதுவான ஆராய்ச்சி ஸ்தாபனம் என்று, விளையாட்டாகப் பெயர் வைத்தார்கள். பிற்பாடு மண்டலத்தை விட்டுவிட்டு 'டிஜிட்டல் ரிசர்ச்' ஆயிற்று. எழுபது டாலர் தபாலில் அனுப்பினால் தட்டு வீடு தேடி வரும். வியாபாரத்தை நிர்வகித்தவர் டோரதி.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. என் வாதம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. இம்சாய் என்னும் கம்பெனி தன் கம்ப்யூட்டருக்குச் சி.பி.எம். வேண்டுமென்று கேட்டது. அதற்கு முன்னும் ஒவ்வொருவர் இயந்திரத்துக்கும் தக்கபடி புரோகிராமைத் திருத்தித் திருத்திச் சலித்துப் போயிருந்த கில்டால், இம்முறை அதை இரண்டாகப் பிரித்தார். இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுகிற அம்சங்களை — விசைப்பலகை எப்படிப் பேசுகிறது, திரை எப்படிக் கேட்கிறது, டிஸ்க் எந்த வேகத்தில் சுழல்கிறது என்பன போன்றவற்றை — ஒரு சிறு பகுதியில் ஒதுக்கி அதற்குப் பயாஸ் என்று பெயரிட்டார். மற்றதெல்லாம் எல்லா இயந்திரங்களுக்கும் ஒன்றே. வண்டியும் மாடும் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எந்த ஊர் மாட்டைப் பூட்டினாலும் வண்டி அதே வண்டிதான். கழுத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ள வேண்டியது நுகத்தடி ஒன்றே. அதன் பிறகு கம்ப்யூட்டர் செய்கிற கம்பெனி ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய நுகத்தடியை மட்டும் தானே செதுக்கிக்கொண்டது. வேர்ட்ஸ்டார் என்ற எழுத்துப் புரோகிராமையும் டிபேஸ் என்ற தகவல் புரோகிராமையும் ஒரு தரம் எழுதினால், நூற்றுக்கணக்கான வகை இயந்திரங்களில் அவை ஓடின. இயந்திரம் யாருடையது என்பது இரண்டாம் பக்ஷம் என்ற நிலையை உலகத்தில் முதன்முதலாக வணிக அளவில் உண்டாக்கியவர் கில்டால்.

கண்டுபிடித்தவர் அதை யந்திர நுட்பமாகக் கண்டார். அதிலேயே ஒரு பெரிய சொத்துரிமையும் அடங்கியிருக்கிறது என்பதை, அந்தப் புதிய உலகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவர் படித்துக்கொண்டார்.

ஐ.பி.எம். விஷயத்துக்கு வருவோம். ஆப்பிள் முதலான சிறு கம்பெனிகள் மேஜைமேல் வைக்கும் கம்ப்யூட்டர்களை ஆயிரக்கணக்கில் விற்கத் தொடங்கிய பிறகு, அறை முழுவதையும் அடைத்துக்கொள்ளும் இயந்திரங்களுக்குப் பேர் போன ஐ.பி.எம்., தானும் ஒன்று செய்வதென்று 1980-ல் தீர்மானித்தது. தன் வழக்கப்படி செய்தால் வருஷங்கள் ஆகும் என்று அதற்கே தெரிந்திருந்தபடியால், புளோரிடாவில் போக்கா ரட்டோன் என்ற ஊரில் ஒரு சிறு கோஷ்டியை ஒதுக்கி, ஒரே வருஷத்தில் முடிக்கும்படியும், வேண்டிய பாகங்களை வெளியே வாங்கிக்கொள்ளும்படியும் அநுமதி கொடுத்தது. மைக்ரோபிராசசர் இன்டெல்லினுடையது, இயங்குதளமும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். அந்தக் கோஷ்டியைச் சேர்ந்த ஜாக் சாம்ஸ் முதலில் போனது கேட்ஸிடம். அவருடைய மைக்ரோசாஃப்ட் கம்பெனி அப்பொழுது பேசிக் முதலான பாஷைகளை விற்றுவந்ததேயன்றி, அதனிடம் சொந்த இயங்குதளம் இல்லை. சி.பி.எம். வேண்டுமானால் கில்டாலைப் பாருங்கள் என்று வழி சொல்லி அனுப்பியவர் கேட்ஸேதான்.

அந்தத் தினத்தில் நடந்தது என்ன? கில்டால் விமானத்தில் போனது மெய். ஆனால் உல்லாசப் பிரயாணம் அல்ல. ஓக்லாந்து பக்கத்திலிருந்த ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கத் தம் சக ஊழியர் ஒருவரோடு போனார். கம்பெனியின் வியாபார விவகாரங்களைப் பார்ப்பவர் எப்பொழுதும் டோரதியாகையால், வந்தவர்களை அவரே வரவேற்றது வழக்கத்துக்கு மாறானதல்ல. ஐ.பி.எம்.காரர்கள், பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே, தாங்கள் வந்ததையும் சொன்னதையும் வெளியிடக்கூடாதென்று எதிர்த் தரப்பை மட்டும் கட்டுப்படுத்தும் ஒரு ரகசிய ஒப்பந்தத்தை நீட்டினார்கள்; அதைப் படித்த டோரதி வக்கீலைக் கலந்தார்; கையெழுத்திடத் தயங்கினார். கில்டால் பிற்பகலில் திரும்பி வந்து பேச்சில் கலந்துகொண்டார் என்பது அவர் தரப்பினர் வாக்கு; ஐ.பி.எம். தரப்பினர் நினைவு அதற்கு ஒத்துப் போகவில்லை. நாற்பது வருஷங்களுக்கு மேலாகியும் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியவில்லை. நானும் சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஏனெனில் அன்று விடிந்தது முதல் அவர் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாலும் எதிரே இருந்த சிக்கல் அதேதான்: சி.பி.எம்.மைப் பல கம்பெனிகளுக்குப் பிரதிக்கு இவ்வளவு என்று கொடுத்துவந்த ஒருவரிடம், ஒரே தொகையைக் கொடுத்துவிட்டு எத்தனை பிரதி வேண்டுமானாலும் விற்றுக்கொள்ள ஒரு பெரிய வாடிக்கையாளர் விரும்பினார். சம்மதித்தால் பழைய வாடிக்கையாளர்களிடம் என்ன முகத்தோடு பிரதிக்கு விலை கேட்பது? இதோடு, ஐ.பி.எம். தேர்ந்துகொண்ட இன்டெல் 8088 இனத்து மைக்ரோபிராசசருக்கு ஏற்றவாறு சி.பி.எம்.மைப் புதுப்பிக்கும் வேலை பசிஃபிக் குரோவில் தாமதப்பட்டுக்கொண்டே போயிற்று. இந்தத் தாமதத்தில் கில்டாலின் பங்கை நான் மறைக்க விரும்பவில்லை. புதிய பிரச்னையின்மேல் மனம் தாவுவதும், முடிக்க வேண்டிய சரக்கை முடித்துப் பெட்டியில் போடுவதில் சுணங்குவதும் அவர் சுபாவத்தில் இருந்தன.

தாமதத்தால் முதலில் கஷ்டப்பட்டது ஐ.பி.எம். அல்ல. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனி 8086 மைக்ரோபிராசசர் கொண்ட பலகை ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டு, அதற்கு இயங்குதளம் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த டிம் பேட்டர்சன் என்னும் இளைஞர், காத்திருந்து அலுத்து, 1980-ல் சில மாதங்களுக்குள் தாமே ஒன்றை எழுதினார். 'அவசரத்தில் ஒப்பேற்றிய இயங்குதளம்' என்ற பொருள்படும்படி அதற்குக் கியூடாஸ் என்று அவரே வேடிக்கையாகப் பெயரிட்டார். சி.பி.எம்.முக்காக எழுதிய புரோகிராம்களைச் சிரமமின்றி இதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காக, புரோகிராம்கள் இயங்குதளத்தை அழைக்கும் முறைகளைச் சி.பி.எம்.மின் வழியிலேயே அமைத்தார். டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறை வேறு. இது திருட்டா, நியாயமான அநுசரணையா என்ற வாதம் பிற்காலத்தில் கோர்ட்டு வரை போயிற்று. சி.பி.எம்.மைப் பேட்டர்சன் நகலெடுத்தார் என்று பொருள்படும்படி புத்தகத்தில் எழுதிய ஹெரால்ட் ஈவான்ஸ் என்ற ஆசிரியர்மீது பேட்டர்சன் தொடர்ந்த மானநஷ்ட வழக்கு 2007-ல் தள்ளுபடியாயிற்று. 1980-ல் கில்டால் ஏன் வழக்குத் தொடரவில்லை என்று கேட்பவர்கள், அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராம் என்ற சொல்லுக்கு இலக்கணம் வகுக்கப்பட்டதே அந்த வருஷக் கடைசியில்தான் என்பதையும், இயங்குதளத்துக்கும் அந்தச் சட்டத்தின் காப்பு உண்டு என்று ஆப்பிள் கம்பெனியின் வழக்கொன்றில் மேல்கோர்ட்டு சொன்னது 1983-ல்தான் என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

மைக்ரோசாஃப்ட் அந்த அவசரச் சரக்கை வாங்கிற்று. முதலில் 25,000 டாலருக்கு உபயோகிக்கும் உரிமை. 1981 ஜூலையில் மேலும் 50,000 டாலருக்கு முழு உரிமை. பின்னால் நிற்கும் வாடிக்கையாளர் ஐ.பி.எம். என்பது விற்ற கம்பெனியின் முதலாளி ராட் ப்ராக்குக்கு முதலில் சொல்லப்படவில்லை. விமானத்தில் ஏறாமல், வீட்டிலேயே இருந்து, கேட்டவுடன் கையெழுத்திட்டவர் இவர். ஐ.பி.எம். கம்ப்யூட்டரின் உயிரை 75,000 டாலருக்குக் கொடுத்துவிட்டு, தம்மிடம் மிச்சமிருந்த ஒரு சிறு உரிமையை வைத்துப் பிற்காலத்தில் வழக்காடி, 1986-ல் 9,25,000 டாலர் பெற்றுக்கொண்டு ராஜியானார். மேடைப் பேச்சாளர்கள் இவரை ஏன் சீண்டுவதில்லை என்று நான் யோசித்ததுண்டு. சுறுசுறுப்பாக இருந்தும் ஏமாந்தவர்களால் அவர்கள் உபதேசத்துக்குப் பிரயோஜனம் இல்லை போலும்.

ஐ.பி.எம்.மும் மைக்ரோசாஃப்டும் ஒப்பந்தம் செய்துகொண்டது 1980 நவம்பரில். கில்டால் எதற்குத் தயங்கினாரோ, அதற்குக் கேட்ஸ் இணங்கினார்: விற்கிற ஒவ்வொரு பிரதிக்கும் ராயல்ட்டி என்று ஐ.பி.எம்.மிடம் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக அவர் கேட்டு வாங்கிக்கொண்டது, அதே இயங்குதளத்தை மற்ற எவருக்கும் விற்கும் சுதந்திரம். அப்பொழுது அந்த 'மற்றவர்' என்று சொல்லத்தக்க ஒரு பிராணிகூட இல்லை, ஐ.பி.எம்.மின் மேஜைக் கம்ப்யூட்டரே இன்னும் பிறக்கவில்லை. அதைப் போலச் செய்கிறவன் எங்கிருந்து வருவான்? ஆனால் கில்டாலின் சி.பி.எம். உலகத்தில் கேட்ஸ் சில வருஷங்களாகப் பாஷை விற்றுத் திரிந்தவர். ஒரே வண்டியை எத்தனை மாடுகள் இழுக்கின்றன என்று கண்ணால் கண்டவர். ஐ.பி.எம். என்ற யானையை அதில் பூட்டுகிறார்கள் என்றதும், யானைக்குப் பின்னாலும் மந்தை வரும் என்று அவர் எண்ணினார். அந்த அநுமானத்துக்கு ஆதாரம் கில்டால் போட்டு வைத்த பாதை.

1981 ஆகஸ்ட் 12-ந் தேதி ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது; அடிப்படை விலை 1,565 டாலர். அதன் இயங்குதளத்தைப் பார்த்த கில்டாலுக்குக் கோபம் வந்தது. வழக்குப் போடுவதாக எச்சரித்தார். ஐ.பி.எம். சமாதானத்துக்கு வந்து, சி.பி.எம்.மையும் தன் கம்ப்யூட்டரோடு விற்பதாக ஒப்புக்கொண்டது. கில்டால் திருப்தியடைந்தார். வாங்குகிறவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது சிறந்ததோ அதை எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பினார்.

மாதங்கள் கழித்து, 1982-ல், அவர் சரக்கு ஐ.பி.எம். கம்ப்யூட்டருக்கென்று கடைக்கு வந்தது. மைக்ரோசாஃப்ட் வாங்கிக் கொடுத்த இயங்குதளமாகிய டாஸுக்கு ஐ.பி.எம். போட்டிருந்த விலை 40 டாலர். சி.பி.எம்.முக்குப் போட்டிருந்த விலை 240 டாலர்.

இந்த இரண்டு எண்களையும் மறுபடி படியுங்கள். ஒரு மனிதர் வீட்டில் இருந்தாரா, ஆகாயத்தில் இருந்தாரா என்ற விசாரணைக்கு இவ்வளவு காகிதம் செலவாகியிருக்கிறது. தீர்ப்பு எழுதப்பட்டதோ இந்த விலைச்சீட்டில். ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பொருள்களில் ஒன்று மற்றதைப் போல ஆறு மடங்கு விலையென்றால், ஞானிகூட மலிவானதைத்தான் எடுத்துக்கொண்டு போவான். அவன் எடுத்துக்கொண்டு போன பிறகு, புரோகிராம் எழுதுகிறவர்களும் அதற்கே எழுதுவார்கள். எழுதப்பட்ட புரோகிராம்களுக்காக அடுத்தவனும் அதையே வாங்குவான். விலையைத் தீர்மானித்தது ஐ.பி.எம்.; அதற்குள்ளே விரோதபாவம் இருந்தது என்பது கில்டாலின் கட்சி. எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதாகத் தோன்றவில்லை. பிரதிக்கு ராயல்ட்டி கொடுக்க வேண்டாத சரக்கை மலிவாகத் தள்ள ஒரு வியாபாரிக்கு இருக்கும் உற்சாகம், ராயல்ட்டி கொடுக்க வேண்டிய சரக்கின்மேல் இராது. இதற்குச் சதி வேண்டியதில்லை. கேட்ஸ் ஐ.பி.எம்.மிடம் ராயல்ட்டியை விட்டுக்கொடுத்ததன் முதற் பலன் இந்த 40 டாலர். தம் பணத்தை ஐ.பி.எம்.மின் கைவழியாக அன்றி, பின்னால் வரப்போகும் மந்தையிடமிருந்து வசூலித்துக்கொள்ள அவர் ஏற்பாடு செய்திருந்தார்.

மந்தையும் வந்தது. ஐ.பி.எம். தன் கம்ப்யூட்டரின் பாகங்களைக் கடையில் கிடைப்பவையாகத் தேர்ந்திருந்தது. பயாஸின் முழு வாசகத்தையும் தொழில் நுட்பப் புத்தகத்தில் அச்சிட்டே விற்றது. பதிப்புரிமை இருந்தபடியால் அதை அப்படியே நகலெடுக்க முடியாது. ஆனால் அது என்ன செய்கிறது என்று ஒரு கோஷ்டி குறிப்பெடுக்க, மூலத்தைக் கண்ணாலும் பாராத வேறொரு கோஷ்டி அந்தக் குறிப்பிலிருந்து புதிதாக எழுதினால், சட்டம் ஒன்றும் சொல்லுவதற்கில்லை. டெக்ஸஸ் மாகாணத்தில் மூன்று என்ஜினீயர்கள் உத்தியோகத்தை விட்டுவிட்டு 1982-ல் தொடங்கிய காம்பாக் கம்பெனி இவ்விதமாகவே ஐ.பி.எம்.முக்கு ஒத்த கம்ப்யூட்டரைச் செய்து, விற்பனையின் முதல் வருஷமாகிய 1983-ல் 11 கோடியே 10 லக்ஷம் டாலருக்கு விற்றது. எந்த நுகத்தடியைத் தனியாகக் கழற்றும்படி கில்டால் வைத்தாரோ, அந்த நுகத்தடியை மட்டும் புதிதாகச் செதுக்கினால் ஐ.பி.எம். இல்லாமலே வண்டி ஓடும் என்பதை அவர்கள் நிரூபித்துவிட்டார்கள். நூறு கம்பெனிகள் பின்தொடர்ந்தன. வண்டிக்கு வாடகை ஒவ்வொன்றும் கேட்ஸுக்குக் கட்டிற்று.

ஆகவே சந்தர்ப்பத்தை நழுவவிட்டவர் என்று ஒருவரைக் காட்டித்தான் ஆக வேண்டுமானால், என் விரல் பசிஃபிக் குரோவை நோக்கி நீளாது. போக்கா ரட்டோனை நோக்கி நீளும். கேட்ட விலை சொற்பம். வாங்கியிருக்க வேண்டியது முழு உரிமை. அதைக் கேட்காமல் விட்டார்கள். அவர்களுக்கும் ஒரு சமாதானம் உண்டு. ஏகபோகக் குற்றம் சாட்டி 1969-ல் அமெரிக்க அரசாங்கம் தொடர்ந்த வழக்கு அந்தச் சமயத்தில் இன்னும் நடந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் தனதாக்கிக்கொள்வதில் அந்த ஸ்தாபனத்துக்கு அப்பொழுது ஒரு கூச்சம் இருந்திருக்கலாம். அரசாங்கம் வழக்கை 1982 ஜனவரியில் வாபஸ் வாங்கிற்று. அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. தன் பெயரால் உலகம் அழைத்த கம்ப்யூட்டர்த் தொழிலையே, 2004 டிசம்பரில், சீனத்து லெனோவோ கம்பெனிக்கு விற்றுவிடுவதாக ஐ.பி.எம். அறிவித்தது.

இதே காலத்தில் வேறு பல ஸ்தாபனங்களையும் இவ்விதமாகப் பரிகசிக்கிறார்கள். ஆப்பிளின் கூட்டாளி வோஸ்நியாக், முதற் கம்ப்யூட்டரின் திட்டத்தைத் தாம் வேலை பார்த்த ஹ்யூலெட் பேக்கர்டிடம் காட்டியபோது அது வேண்டாமென்றது. கமடோர் கம்பெனி ஆப்பிளையே வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை. சுட்டெலியும் சாளரமும் கொண்ட கம்ப்யூட்டரை 1973-லேயே செய்து வைத்திருந்த ஜெராக்ஸ், ஆப்பிள்காரர்களுக்கு அதைத் திறந்து காட்டிற்று. ஜெராக்ஸ் அதை இனாமாகக் காட்டவில்லை, ஆப்பிளின் பங்குகளை அவை பகிரங்கச் சந்தைக்கு வருவதற்கு முன்பே வாங்கும் உரிமையைப் பெற்றுக்கொண்டுதான் காட்டிற்று என்பதை மட்டும் பரிகாசக்காரர்கள் சொல்ல மறந்துபோகிறார்கள்.

கில்டால் ஓய்ந்துவிடவில்லை. பொதுஜனத் தொலைக்காட்சியில் கம்ப்யூட்டரைப் பற்றிய வாராந்தர நிகழ்ச்சி ஒன்றைப் பல வருஷங்கள் இணைந்து நடத்தினார். போட்டிக் கம்பெனிகளின் சரக்கையும் மனம் விட்டுப் பாராட்டுவதை அதில் காணலாம். குறுந்தட்டில் ஒரு முழுக் கலைக்களஞ்சியத்தை அடக்கும் வேலையில் 1980-களின் நடுவிலேயே முன்னோடியாக நின்றார். 1988-ல் அவருடைய கம்பெனி டி.ஆர்.டாஸ் என்று ஒன்றை வெளியிட்டு, எந்தச் சரக்கு தம் சரக்கைப் போலிருந்ததோ அதையே தாம் பின்பற்றி அதைவிட நன்றாகச் செய்து காட்டியது ஒரு விசித்திரமான பழிவாங்கல். 1991-ல் டிஜிட்டல் ரிசர்ச் கம்பெனியை நாவெல் என்ற கம்பெனி வாங்கிற்று. டி.ஆர்.டாஸைச் சந்தையிலிருந்து அகற்ற மைக்ரோசாஃப்ட் முறைதவறி நடந்தது என்று, அதன் உரிமை கைமாறிப் பெற்ற கால்டெரா கம்பெனி 1996-ல் வழக்குத் தொடர்ந்தது. 2000 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ராஜியாகிக் கொடுத்த தொகை 28 கோடி டாலர் என்று பின்னர் வெளிப்பட்டது.

அந்தப் பணம் கை மாறியபோது கில்டால் உயிரோடு இல்லை. 1994 ஜூலையில், மான்ட்டெரே நகரத்து மதுக்கடை ஒன்றில் தலையில் பட்ட காயத்தால், 52-வது வயதில் இறந்தார். இறப்பதற்கு முந்தைய வருஷங்களில் தம் பக்கத்து விருத்தாந்தத்தை ஒரு சுயசரிதமாக எழுதிவைத்திருந்தார். அதன் ஒரு பாகம் மட்டும் 2016-ல் கம்ப்யூட்டர் சரித்திரக் காட்சிசாலையின் மூலம் வெளியாயிற்று. அந்த எழுத்துக்குத் தூண்டுதல் அவர் படித்த வாஷிங்டன் சர்வகலாசாலையின் ஒரு விழா அழைப்பு என்பார்கள். கம்ப்யூட்டர்த் துறையின் இருபத்தைந்தாவது ஆண்டு விழாவுக்கு அதன் புகழ் பெற்ற மாணவர் என்ற முறையில் அவரை அழைத்தார்கள். பிரதானச் சொற்பொழிவுக்கு அழைத்தது, அங்கே படியாதவரும் வேறிடத்தில் சேர்ந்து படிப்பை நடுவில் விட்டவருமான கேட்ஸை. டாக்டர் பட்டம் கொடுத்த கல்விச்சாலையே விமானக் கதையை நம்பிவிட்டது போலும் என்று அவருக்குத் தோன்றியிருந்தால் ஆச்சரியமில்லை.

பசிஃபிக் குரோவ் லைட்ஹவுஸ் அவென்யூவில் 801-ம் எண்ணுள்ள பழைய வீட்டின் முன், முன்பு கம்பெனி இருந்த இடத்தில், அந்த ஊரில் சி.பி.எம். பிறந்ததைக் கூறும் தகடு ஒன்றை மின்னியல் என்ஜினீயர்களின் சங்கம் 2014-ல் நாட்டியது. அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள், விண்டோஸ் ஓடும் எந்தக் கம்ப்யூட்டரையும் திறந்து பார்க்கலாம். டிஸ்க்குகளை 'ஏ', 'பி' என்று எழுத்திட்டு அழைக்கும் வழக்கத்தைச் சிறு கம்ப்யூட்டர்களுக்குக் கொண்டுவந்தது சி.பி.எம்.; டாஸ் அதை எடுத்துக்கொண்டது; விண்டோஸ் டாஸிடமிருந்து பெற்றது. தொண்ணூறுகளில் நம் ஊர்க் கம்ப்யூட்டர் சென்டர்களில் கறுப்புத் திரைமுன் உட்கார்ந்து 'டிஐஆர்' என்று தட்டிப் பழகியவர்களுக்கு, அந்தக் கட்டளையும் பசிஃபிக் குரோவிலிருந்து வந்தது என்பது தெரிந்திராது. 'ஏ', 'பி' என்ற முதலிரண்டு டிஸ்க் எழுத்துகளும் பிளாப்பிகளுக்கு உரியவை. பிளாப்பிகள் புழக்கத்திலிருந்து மறைந்து வெகு காலமாயிற்று. இன்றைக்கும் விண்டோஸ் ஓடும் புதுக் கம்ப்யூட்டரை வாங்கித் திறந்தால், முதல் டிஸ்க்கின் பெயர் 'சி' என்றுதான் இருக்கிறது.